தீபச் சுடர் முதல் டயர் வரை

கார்த்திகை தீபத்தன்று மாலை. திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையுச்சியில் செப்புக் கொப்பரையில் திரி பற்றிக்கொள்கிறது. கீழே லட்சக்கணக்கானோர் அண்ணாந்து கும்பிடும் அந்த மஞ்சள் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? சுடருக்குள்ளேயே பிறந்து, சூட்டில் தகதகக்கும் கார்பன் துகள்களிலிருந்து. ஒவ்வொன்றும் சில பத்து நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஆயிரம், இரண்டாயிரம் துகள்களை வரிசையாக நிறுத்திவிடலாம்.

சுடரின் உட்புறத்தில் ஆக்சிஜன் போதாது. ஆவியான நெய் அங்கே உடைகிறது. உடைந்த துண்டுகள் கார்பன் வளையங்களாகக் கூடி, உருண்டையாகத் திரண்டு, ஒன்றோடொன்று ஒட்டிச் சங்கிலியாகின்றன. வெளிவிளிம்புக்கு வந்ததும் பெரும்பாலானவை எரிந்துபோகின்றன.

வீட்டிலேயே கண்மை தயாரித்த பாட்டிமார்களுக்கு இது அத்துபடி. விளக்கெண்ணெய்ச் சுடரின் மஞ்சள் பகுதியிலேயே தட்டைக் கவிழ்த்துப் பிடிப்பார்கள். தட்டு சூட்டை இழுத்துக்கொள்ள, துகள்கள் எரிவதற்குள் கறுப்பாகப் படிந்துவிடும். தட்டைச் சுடருக்கு மேலே தூக்கிவிட்டால் அவ்வளவு மை சேராது. நானோ துகள் தயாரிப்பின் சூட்சுமமே இதுதான். துகளைப் பிறக்கவைப்பது சுலபம். வேண்டிய அளவில் அதன் வளர்ச்சியை நிறுத்துவதுதான் வேதிப் பொறியாளரின் சாமர்த்தியம்.

கிரிவலப் பாதையில் ஓடும் ஒவ்வொரு ஆட்டோவின் டயரும் அதற்குச் சாட்சி. 1904இல் லண்டன் சில்வர்டவுனில் எஸ்.சி. மோட் என்பவர், கரித்துகளைக் கலந்தால் ரப்பர் உறுதிப்படுகிறது என்று கண்டார். அதுவரை டயர்கள் வெளுத்த நிறம்தான். இன்று டயரின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, கார்பன் பிளாக் எனப்படும் இந்தக் கரித்துகள்தான். திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய்கண்டிகையில் பிசிபிஎல் நிறுவனம் 2023இல் இதற்கென ஓர் ஆலையைத் தொடங்கியது.

இத்தகைய ஆலைகளில் 1,300 டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்ப வாயுவில் கனமான எண்ணெயைப் பீய்ச்சுகிறார்கள். கண் இமைப்பதற்குள் துகள் உருவாகிவிடும். உடனே தண்ணீரைத் தெளித்து அணைக்கிறார்கள். வெப்பத்தைக் கூட்டிச் சீக்கிரம் அணைத்தால் 20 நானோமீட்டர் அளவிலான நுண்துகள் கிடைக்கும். அது தேய்மானம் தாங்க வேண்டிய டயரின் மேற்பட்டைக்கு. வெப்பத்தைக் குறைத்துச் சற்றுத் தாமதித்தால் 60 நானோமீட்டர் வரை பெருக்கும். அது உட்புறத்துக்கும் டியூபுக்கும். எண்ணெய் அதே எண்ணெய்தான், மாறுவது வெப்பமும் நேரமும்!

சுடரில் துகள் செய்வது கார்பனோடு நின்றுவிடவில்லை. சிலிக்கன் டெட்ராகுளோரைடை ஹைட்ரஜன் சுடரில் விட்டால் பஞ்சுபோன்ற வெள்ளைச் சிலிக்கா கிடைக்கிறது. பெயின்ட் வழியாமல் இருக்கவும், பற்பசை கெட்டியாக இருக்கவும் அதைச் சேர்க்கிறார்கள். மேட்டூரில் சன்மாரும் அமெரிக்காவின் கேபட் நிறுவனமும் கூட்டாக இதற்கு ஆலை அமைத்தன.

துகள் சிறியது என்பதாலேயே அது நுரையீரலின் ஆழம்வரை போய்விடும். கார்பன் பிளாக்கைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்ற பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. ஆலைகள் அதைக் குருணையாக உருட்டி அனுப்புவதில் ஒரு லாபம், தூசி குறைவது. ஆனால் சிறிய ரப்பர் பட்டறைகளில் மூட்டையைப் பிரித்துக் கொட்டுபவர் வாயில் கைக்குட்டையைத்தான் கட்டியிருக்கிறார். அது போதவே போதாது. முதலாளிமார்களே, அவருக்கு நல்ல வடிகட்டி முகக்கவசமும், தூசியை உறிஞ்சும் விசிறியும் வாங்கிக் கொடுங்கள்.