உங்களுக்குத் தெரியுமா? பாஸ்போர்ட்டில் குத்தும் சத்தியம்

பசிபிக் தீவு நாடான பலாவுக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? போய் இறங்கியதும் ஒரு கையெழுத்து போட வேண்டும். 'உங்கள் தீவைப் பாழாக்க மாட்டேன்' என்று பலாவின் குழந்தைகளுக்குத் தரும் உறுதிமொழி அது. 2017 முதல் பாஸ்போர்ட்டிலேயே முத்திரையாகக் குத்துகிறார்கள். சும்மா பேச்சுக்கு இல்லை.

அடுத்த சோதனை பெட்டிக்குள். சன்ஸ்கிரீன் குழாயின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்று இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பவளப்பாறைகளுக்குக் கேடு என்று 2020 ஜனவரி 1 முதல் இப்படி 10 ரசாயனங்களுக்குத் தடை, கொண்டுபோனால் பறிமுதல்தான். ஜிங்க் ஆக்ஸைடு மட்டும் கலந்தது என்றால் பிரச்சினை இல்லை. பிள்ளைகளுக்கு அதைவிட உத்தமம், முழுக்கை நீச்சல் சட்டை.