நமக்கும் உண்டு அரும்பு நிலை

காலை உணவு நேரம். பள்ளி வராந்தாவில் குழந்தைகள் வரிசையாக அமர்ந்து ரவை கிச்சடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாம்பாரில் கிடந்த கேரட்டைத் தட்டின் ஓரம் ஒதுக்கிய இரண்டாம் வகுப்பு மாணவனிடம், "காயை ஒதுக்காதே, அதில்தான் சத்து இருக்கிறது" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்து, "நீங்க என்ன சார் சாப்பிட்டீங்க?" என்று கேட்டான்.

அன்று நான் சாப்பிட்டது ஒரு காபியும் இரண்டு பிஸ்கட்டும்தான்.

நான் வெளிமாவட்டத்துக்காரன். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சிற்றூரில் அறை எடுத்துத் தங்கிப் பணிபுரிகிறேன். காலையில் காபி, மதியம் பார்சல் சாப்பாடு, இரவு பரோட்டா என்று ஆறு ஆண்டுகள் ஓடியிருந்தன. அதே மாதத்தில் ஒரு மருத்துவ முகாமில், வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சர்க்கரை 118 என்று வந்தது. "100 முதல் 125 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. இப்போதே கவனித்தால் திரும்பிவிடலாம்" என்றார் மருத்துவர். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, நாட்டில் 13 கோடிக்கும் அதிகமானோர் இந்த நிலையில் இருக்கிறார்கள். எனக்கு வயது 43.

ஒன்பது நாள் வீரம்

மறுநாளே புது ஷூ வாங்கினேன். காலை 5 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நடை, மூன்று வேளையும் சொந்தச் சமையல், தினமும் ஒரு சிறுதானியம் என்று அட்டவணை எழுதி ஒட்டினேன். ஒன்பதாம் நாள் எல்லாம் நின்றுபோனது. முழங்கால் வலி ஒரு பக்கம், தீய்ந்த பாத்திரங்கள் ஒரு பக்கம்.

எங்கே தவறு என்பது வகுப்பறையில்தான் புரிந்தது. 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' நடத்துகிறோம். அரும்பு நிலையில் உள்ள குழந்தையிடம் மலர் நிலைப் பயிற்சியைக் கொடுத்தால் என்ன ஆகும்? புத்தகத்தை மூடிவிடும். குழந்தைக்குச் செய்யத் துணியாததை நான் எனக்கே செய்திருந்தேன். ஆகவே என்னையும் அரும்பிலிருந்து தொடங்கினேன்.

அரும்பு: ஒரு நடை, ஒரு வேளை

முதல் மாதம் இரண்டே பழக்கங்கள். ஒன்று, மதிய உணவுக்குப் பின் பள்ளி மைதானத்தில் 10 நிமிட நடை. சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை, நடக்கும்போது கால் தசைகள் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. தனி உடையோ தனி நேரமோ தேவையில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் நடை, அவ்வளவுதான். ஏற்கெனவே நடக்கும் ஒரு செயலோடு கோத்துவிட்டால் புதிய பழக்கம் மறந்துபோவதில்லை.

இரண்டாவது, காலை உணவை மட்டும் நானே சமைப்பது. இதற்கு என் ஆசிரியர், எங்கள் பள்ளியில் காலை உணவு சமைக்கும் அக்கா. "சார், கிச்சடிக்கு மூணு விஷயந்தான். ரவையை வாசம் வர்ற வரைக்கும் வறுக்கணும். காய் வெந்த பிறகுதான் ரவையைக் கொட்டணும். கொட்டும்போது கிண்டிக்கிட்டே இருக்கணும்" என்றார். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் ஒரு குழந்தைக்கு 50 கிராம் ரவை அல்லது அரிசி, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, உள்ளூர்க் காய்கறிகள் என்று அளவு உண்டு. தானியம், பருப்பு, காய் மூன்றும் சேர்ந்த அந்தக் கணக்கையே என் தட்டுக்கும் எடுத்துக்கொண்டேன்.

மொட்டு: வாரக் கணக்கு

இரண்டாம் மாதம் வாரத்தில் ஐந்து நாள், மாலையில் வாய்க்கால் கரையில் 20 நிமிடம். மதிய நடையோடு சேர்த்தால் நாளுக்கு 30, வாரத்துக்கு 150 நிமிடம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு இதுவே. ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. பிரித்து நடந்தாலும் கணக்கில் சேரும். ஆனால் வேகம் வேண்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

இரவுக்கு ஒரே குக்கர். ஒரு பங்கு அரிசி, அரைப் பங்கு பாசிப்பருப்பு, இரண்டு பங்கு காய், ஐந்து பங்கு தண்ணீர், கொஞ்சம் மிளகு சீரகம். ஞாயிறுதோறும் உழவர் சந்தைக்குப் போய் அவரை, பீட்ரூட், முருங்கைக்கீரை வாங்கிவருவேன். காய் கண்ணெதிரே இருந்தால் பரோட்டாக் கடை கொஞ்சம் தூரமாகிவிடுகிறது.

மலர்: பலமும் அளவும்

மூன்றாம் மாதம், வாரத்தில் இரண்டு நாள் தசைப் பயிற்சி சேர்ந்தது. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து 10 முறை எழுந்து அமர்வது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 முறை. நாள் முழுதும் நிற்கும் நம் முழங்கால்களுக்குத் தொடைத் தசைகளே தாங்கு. கூடவே உப்பில் கவனம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். ஊறுகாய், அப்பளம், மிக்சரில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் அடங்கும்.

விடுபட்ட நாள்கள்

தேர்வு வேலை, ஊர்ப் பயணம், சாரல் மழை என்று பல நாள்கள் விடுபட்டன. முன்பென்றால் அத்தோடு கைவிட்டிருப்பேன். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகப் படிய சராசரியாக 66 நாள்கள் ஆயின. சிலருக்கு 18 நாளே போதுமானதாக இருந்தது. சிலருக்கு 250 நாளுக்கு மேல் தேவைப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலையவில்லை. ஒரு நாள் விடுப்பு எடுத்த குழந்தையை நாம் பள்ளியை விட்டு நீக்குவதில்லையே!

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனையில் சர்க்கரை 104. இன்னும் நூறுக்குக் கீழே வரவில்லை. ஆனால் இறங்கும் திசை தெரிகிறது.

நீங்களும் தொடங்க விரும்பினால் ஒரு பழக்கத்தை மட்டும் எடுங்கள். ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவர்களும் மூட்டு வலியோ இதயப் பிரச்சினையோ உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மதிய நடைக்குச் சக ஆசிரியர் ஒருவரையும் அழையுங்கள். இப்போது எங்கள் பள்ளியில் நான்கு பேர் நடக்கிறோம்.

அந்த மாணவன் சென்ற வாரம் மறுபடியும் கேட்டான். "கேரட் போட்ட கிச்சடி" என்றேன். "நீங்க காயை ஒதுக்கலையா சார்?" என்றான். இல்லை என்று அவன் முகம் பார்த்தே சொல்ல முடிந்தது.