பேன் பார்ப்பது வெட்டி வேலையா?

குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பதைச் சும்மா இருக்கும் நேரத்து வேலை என்று நினைத்துவிடுகிறோம். கென்யாவின் அம்போசெலி சமவெளியில் வாழும் பபூன்களுக்குச் சும்மா இருக்க அவ்வளவு நேரமில்லை. வறண்ட மாதங்களில் புல்லின் அடிக்கிழங்கைத் தோண்டித் தின்பதற்கே பகலின் பெரும்பகுதி போய்விடும். அந்த நெருக்கடியிலும் இன்னொன்றின் மயிரை விலக்கிப் பார்க்க நேரம் ஒதுக்குகின்றன என்றால், செலவுக்கு ஏற்ற வரவு இருந்தாக வேண்டும்.

முதல் வரவு சுத்தம். அங்கே பெரிய தொல்லை பேனைவிட உண்ணிதான். அடிக்கடி மயிர் கோதப்படும் பபூன்களின் உடலில் உண்ணி குறைவு என்பதையும், உண்ணி மிகுந்தவற்றின் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு குறைவு என்பதையும் 2013-இல் வெளிவந்த அம்போசெலி ஆய்வு காட்டியது. ஆனால் சுத்தம் மட்டுமே நோக்கமென்றால் யார் கை பட்டாலும் போதுமே! பெண் பபூன்கள் தாய், மகள், சகோதரி என்று ஆள் பார்த்தல்லவா உட்காருகின்றன? போட்ஸ்வானாவின் மொரேமி காப்பகத்தில், நெருங்கிய உறவைக் கொன்றுண்ணிகளுக்குப் பறிகொடுத்த பெண்களுக்கு மன அழுத்த ஹார்மோன் ஏறியது. அடுத்து வந்த மாதங்களில் அவை முன்னைவிடப் பலரோடு உட்கார்ந்து மயிர் கோதின. ஹார்மோனும் பழைய அளவுக்கு இறங்கியது. உறவு இறந்ததால் உண்ணி பெருகிவிடவில்லை. அவை தேடியது துணையை.

துணையால் என்ன லாபம்? அம்போசெலியின் 16 ஆண்டுப் பதிவுகளை ஆய்வாளர் ஜோன் சில்க் குழுவினர் 2003-இல் அலசினார்கள். பிறரோடு அதிகம் ஒட்டிப் பழகிய தாய்களின் குட்டிகளுக்கே முதல் பிறந்தநாளைத் தாண்டும் வாய்ப்பு அதிகம். உயர்நிலைப் பெண்ணுக்குத் தீனியும் கிடைக்கும், தோழிகளும் கிடைப்பார்கள். அதன் விளைவுதானே இது என்று கேட்கலாம். படிநிலையைக் கணக்கில் சேர்த்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. உடல்நலம் உள்ளதைத்தான் மற்றவை நாடுகின்றன என்ற ஐயத்தைப் பதிவேடு மட்டும் முழுதாகத் தீர்க்காது. ஆனாலும் மொரேமியில் துணையைத் தேடிப் போனவை நொந்துபோயிருந்தவை என்பது அந்த ஐயத்துக்கு எதிராகவே நிற்கிறது.

விரல்கள் ஒரு நேரத்தில் ஒரு முதுகைத்தான் கோத முடியும். அதனால் பபூனின் நட்பு வட்டம் சிறிதாகவே இருக்கும். மொரேமியில் நெடுநாள் வாழ்ந்த பெண்கள், தமக்கு மிக நெருக்கமான மூன்று பேரோடு ஆண்டுக்கணக்கில் உறவு விடாதவை என்று 2010-இல் தெரியவந்தது. அந்த மூவருக்காகத்தான் தீனி தேடும் பொழுதிலிருந்து கொஞ்சம் கிள்ளி எடுத்துவைக்கிறது பபூன்.