மருத்துவர் கேட்டார், பொறியாளர் வளைத்தார்

1960 ஏப்ரல். அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். மருத்துவர்களும் பொறியாளர்களும் கூடியிருந்த அந்தக் கூட்டத்துக்கு, சியாட்டில் நகரிலிருந்து பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர் தன் நோயாளி ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நோயாளியின் பெயர் கிளைட் ஷீல்ட்ஸ். வயது 39. போயிங் விமானத் தொழிற்சாலையில் எந்திரப் பணியாளர். அவருடைய சிறுநீரகங்கள் மீள வழியில்லாமல் செயலிழந்திருந்தன. அன்றைய மருத்துவக் கணக்குப்படி அவர் அதற்குள் இறந்திருக்க வேண்டும்.

ஸ்க்ரிப்னர் பேசப்போவதாக நிகழ்ச்சி நிரலில் எதுவும் இல்லை. ஆனால் ஷீல்ட்ஸின் முன்கையைப் பார்த்தவர்களுக்குப் பேச்சு தேவைப்படவும் இல்லை. தோலுக்கு வெளியே, லாடம் போல வளைந்த ஒரு சின்ன டெஃப்லான் குழாய். ஒரு முனை தமனியில், மறு முனை சிரையில். அதன் வழியாக ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் குழாயைச் செய்தவர் மருத்துவர் அல்ல. வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவமனையின் கருவிப் பட்டறையை நடத்திவந்த வெய்ன் குவின்டன் என்ற பொறியாளர்.

இன்று நம் ஊர்களில் 'கிட்னி ஃபெயிலியர்', 'உடம்பில் உப்பு ஏறிவிட்டது' என்றதும் அடுத்த வார்த்தையாக 'டயாலிசிஸ்' வந்துவிடுகிறது. வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் என்று கணக்குச் சொல்கிறோம். அந்தக் கணக்கு உருவான கதை, இரண்டு தொழில்காரர்கள் ஒரே மேசையில் உட்காரக் கற்றுக்கொண்ட கதை. அந்த மேசையைப் போட்டுக்கொடுத்தது 'செயற்கை உள்ளுறுப்புகளுக்கான அமெரிக்கச் சங்கம்'.

தொத்திறைச்சி உறையும் எனாமல் தொட்டியும்

கதையின் தொடக்கம் நெதர்லாந்தில் இருக்கிறது. 1938இல் க்ரோனிங்கன் நகரில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவரின் பொறுப்பில் 22 வயது இளைஞர் ஒருவர் இருந்தார். சிறுநீரகங்கள் கெட்டு, பார்வை மங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறந்துகொண்டிருந்தார். பிள்ளை பிழைக்க மாட்டான் என்று அந்தத் தாயிடம் கோல்ஃப்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த உடம்பிலிருந்து தினமும் 20 கிராம் யூரியாவை மட்டும் வெளியே எடுக்க முடிந்தால் இவன் பிழைத்துக்கொள்வானே என்ற எண்ணம் அவரை விடவில்லை.

தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்படும் செல்லோஃபேன் குழாயில் அவருக்கு விடை கிடைத்தது. அந்தத் தாளில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. சல்லடையில் மாவு இறங்கிக் கப்பி தங்கிவிடுவதைப்போல, யூரியா போன்ற சிறிய மூலக்கூறுகள் துளை வழியே வெளியேறிவிடும். ரத்த அணுக்களும் புரதங்களும் உள்ளேயே நிற்கும். உறைக்குள் ரத்தம், வெளியே உப்புக் கரைசல். டயாலிசிஸின் அடிப்படை இவ்வளவுதான்.

ஆனால் அடிப்படை தெரிந்தால் மட்டும் எந்திரம் வந்துவிடாது. கோல்ஃப் அதற்குள் காம்பென் என்ற சிறிய ஊரின் மருத்துவமனைக்கு மாறியிருந்தார். இரண்டாம் உலகப் போரில் நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தது. எந்தப் பொருளும் எளிதில் கிடைக்காது. அதே ஊரில் எனாமல் பாத்திரத் தொழிற்சாலையை நடத்திய ஹெண்ட்ரிக் பெர்க் கைகொடுத்தார். மரச் சட்டங்களால் ஆன உருளையில் சுமார் 20 மீட்டர் செல்லோஃபேன் குழாயைச் சுற்றி, கரைசல் நிரம்பிய எனாமல் தொட்டியில் பாதி முங்கும்படி வைத்துச் சுழலவிட்டார்கள். சுழலும் உருளைக்குள் ரத்தம் ஒழுகாமல் போய்த் திரும்ப வேண்டுமே? அதற்கு ஃபோர்டு காரின் தண்ணீர் பம்ப்பில் இருந்த இணைப்பு முறை வழிகாட்டியது.

1943இல் எந்திரம் நோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கியது. முதலில் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய எல்லோருமே இறந்தார்கள். 1945 செப்டம்பரில், மயக்கத்தில் கிடந்த 67 வயதுப் பெண்மணி ஒருவர் எந்திரத்தின் உதவியால் கண்விழித்து, நலமடைந்து வீடு திரும்பினார். போர் முடிந்ததும் கோல்ஃப் தன் எந்திரங்களை வேறு நாட்டு மருத்துவமனைகளுக்குக் கொடுத்தார். பாஸ்டனில் மருத்துவர் கார்ல் வால்ட்டரும் பொறியாளர் எட்வர்ட் ஓல்சனும் அதே அமைப்பைத் துருப்பிடிக்காத எஃகில் மேம்படுத்திச் செய்தார்கள். அந்த வகை எந்திரம் கொரியப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கும் பயன்பட்டது.

ஒரே கூரையின் கீழ்

1950இல் கோல்ஃப் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். செயற்கைச் சிறுநீரகம் செய்பவர்கள், இதய அறுவைக்கான இதய நுரையீரல் எந்திரம் செய்பவர்கள், செயற்கை இதயம் பற்றிக் கனவு கண்டவர்கள் எல்லோரும் அப்போது ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். மருத்துவ மாநாட்டுக்குப் போனால் மோட்டார், பம்ப், குழாய் பற்றிப் பேச ஆளில்லை. பொறியாளர் மாநாட்டுக்குப் போனால் ரத்தம் உறைவது பற்றிப் பேச ஆளில்லை. 1955இல் அட்லாண்டிக் சிட்டியில் இவர்கள் கூடித் தங்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். கோல்ஃப் முதல் தலைவரானார்.

சங்கம் ஆண்டுதோறும் கூடியது. அங்கே வாசிக்கப்பட்ட கட்டுரைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டது. கட்டுரைக்குப் பின் எழுந்த கேள்விகளையும் பதில்களையும்கூடச் சேர்த்து அச்சிட்டார்கள். இதன் பயன் பெரிது. ஓர் ஊரில் எந்தக் குழாய் அடைத்துக்கொண்டது, எந்தப் பொருள் ரத்தத்தை உறைய வைத்தது என்பது அடுத்த ஊர்க்காரருக்குத் தெரிந்துவிடும். அவர் அதே தவறைத் தன் நோயாளியிடம் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

இரவில் வந்த யோசனை

1950களின் இறுதிவரை டயாலிசிஸுக்கு ஒரு பெரிய தடை இருந்தது. ஒவ்வொரு முறையும் தமனியையும் சிரையையும் அறுத்துக் குழாய் செருக வேண்டும். முடிந்ததும் கட்டிவிட வேண்டும். அந்த இடத்தை மறுபடி பயன்படுத்த முடியாது. சில முறை செய்தால் உடம்பில் ரத்தக்குழாய்களே மிஞ்சாது. அதனால் விபத்திலோ விஷத்திலோ தற்காலிகமாகச் சிறுநீரகம் நின்றுபோனவர்களை மட்டுமே காப்பாற்ற முடிந்தது. நிரந்தரமாகக் கெட்டுப்போனவர்களுக்கு வழியே இல்லை.

அப்படிப்பட்ட ஒரு நோயாளியை டயாலிசிஸில் தேற்றிய பிறகும், தொடர வழியில்லாமல் சாக விட வேண்டிய நிலை ஸ்க்ரிப்னருக்கு வந்தது. அந்த வேதனையில் இருந்தபோது ஓர் இரவு தூக்கம் கலைந்து யோசனை உதித்தது. குழாய்களை எடுக்காமல் கையிலேயே விட்டுவிட்டால்? சிகிச்சை இல்லாத நாட்களில் இரண்டு முனைகளையும் வளைந்த குழாயால் இணைத்து, ரத்தத்தை ஓடவிட்டுக்கொண்டே இருந்தால்? ஓடும் ரத்தம் எளிதில் உறையாது அல்லவா?

யோசனை நல்லது, எந்தப் பொருளில் செய்வது? டெஃப்லானைப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று அறுவை மருத்துவர் ஒருவர் சொன்னார். அது ரத்தத்தோடு ஒட்டாத வழுவழுப்பான பொருள். ஆனால் விறைப்பானது, சொன்னபடி வளையாது. அங்கேதான் குவின்டன் வந்தார். விமானத் தொழிற்சாலை அனுபவம் உள்ளவர். இதய மருத்துவர் ராபர்ட் ப்ரூஸுக்காக நடைப்பட்டை எந்திரம் செய்து கொடுத்தவரும் அவர்தான். இன்று நம் ஊரில் டி.எம்.டி. என்று நெஞ்சுவலிக்கு எடுக்கச் சொல்லும் பரிசோதனை 'ப்ரூஸ் முறை' என்ற பெயரில் நடப்பது அந்தக் கூட்டணியின் மிச்சம். டெஃப்லானை வெப்பத்தில் வளைத்து, முனைகளைக் குறுக்கி, ரத்தக்குழாய்க்குள் பொருந்தும்படி குவின்டன் வடித்தெடுத்தார். 1960 மார்ச் 9 அன்று அது ஷீல்ட்ஸின் கையில் பொருத்தப்பட்டது.

சில வாரங்களில் சிகாகோ. நிரலில் இல்லாத அந்தச் செய்தியைச் சங்கம் தள்ளிவிடவில்லை. அதே ஆண்டின் தொகுதியில் இரண்டு கட்டுரைகளை அச்சிட்டது. சிகிச்சை பற்றிய கட்டுரையில் ஸ்க்ரிப்னரின் பெயர் முதலில். குழாய் பற்றிய கட்டுரையில் குவின்டனின் பெயர் முதலில். அறுவை மருத்துவர் ஒருவரும் ஸ்க்ரிப்னரும் அவருக்குப் பின்னால். பட்டறைக்காரரின் பெயரை மருத்துவர்களின் பெயருக்கு முன்னால் போட்ட அந்த வரிசைக்குத் தனி மதிப்பு உண்டு. வேலை யாருடையதோ பெயரும் அவருடையது என்று அந்த அச்சுப் பக்கம் ஒத்துக்கொண்டது.

ஷீல்ட்ஸ் அதற்குப் பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.

யாருக்கு எந்திரம்?

வழி பிறந்ததும் அடுத்த துயரம் வந்தது. 1962இல் சியாட்டிலில் செயற்கைச் சிறுநீரக மையம் திறக்கப்பட்டது. எந்திரங்கள் சில; நோயாளிகள் பலர். யாருக்கு இடம் கொடுப்பது என்று முடிவு செய்ய ஊர்ப் பொதுமக்களிலிருந்து 7 பேர் கொண்ட குழு அமைந்தது. அதே ஆண்டு 'லைஃப்' இதழில் இதுபற்றி வந்த கட்டுரை நாட்டையே உலுக்கியது.

இந்த நெருக்கடியில் ஸ்க்ரிப்னர் உதவி கேட்டது, அதே பல்கலைக்கழகத்தின் அணுப் பொறியாளர் ஆல்பர்ட் பாப்பிடம். ரத்தத்தைக் கழுவும் கரைசலை அடர்த்தியாக வைத்துக்கொண்டு, தண்ணீரோடு சரியான விகிதத்தில் எந்திரமே கலந்து, பல படுக்கைகளுக்கு அனுப்பும் அமைப்பை பாப் குழுவினர் உருவாக்கினார்கள். அப்போது பாப்பின் நண்பர் ஒருவரின் மகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பள்ளி மாணவி. மையத்தில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அவளுக்காகவே, வீட்டில் இரவில் ஓடக்கூடிய சிறிய எந்திரத்தை 1964இல் சுமார் 4 மாதங்களில் பொறியாளர்கள் செய்து முடித்தார்கள். நோயாளி தூங்கும்போது எந்திரம் தானே காவல் காக்க வேண்டும்: கரைசலின் சூடு ஏறினாலோ, கலவை மாறினாலோ, அது நின்று எச்சரிக்க வேண்டும். அணு உலைகளின் பாதுகாப்பைப் பற்றி யோசித்துப் பழகியவருக்கு இது அந்நியமான கணக்கு அல்ல. இன்று எந்த டயாலிசிஸ் எந்திரத்தைப் பார்த்தாலும் அடர்கரைசலையும் தண்ணீரையும் அதுவே கலந்துகொள்வதையும், ஏதாவது பிசகினால் மணியடிப்பதையும் காணலாம்.

சங்கம் தவறவிட்டதும் உண்டு

எல்லா நல்ல யோசனைக்கும் அந்த மேடை உடனே வழிவிட்டது என்று சொல்ல முடியாது. பாப்பிடம் படித்த ராபர்ட் பாப்போவிச் டெக்சாஸின் ஆஸ்டினில் வேதிப் பொறியியல் பேராசிரியரானார். அங்கே மருத்துவர் ஜாக் மோன்க்ரீஃபின் நோயாளி ஒருவருக்கு ரத்தக்குழாய் வழி டயாலிசிஸ் கைகூடவில்லை. பாப்போவிச் கணக்குப் போட்டார். வயிற்றுக்குள் 2 லிட்டர் கரைசலை விட்டு, சில மணி நேரம் அப்படியே வைத்திருந்தால், வயிற்றின் உட்சவ்வு வழியே யூரியா அதில் வந்து சேரும். இப்படி நாளுக்கு 5 முறை மாற்றினால், உடம்பில் அன்றாடம் சேரும் கழிவுக்கு அது ஈடாகும். எந்திரமே வேண்டாம், நோயாளி நடமாடலாம்.

1976இல் அனுப்பிய இந்த ஆய்வுச் சுருக்கத்தை அதே சங்கம் தன் கூட்டத்தில் வாசிக்கத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் யோசனை நிலைத்தது. இன்று சி.ஏ.பி.டி. என்ற பெயரில், வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாயும் கரைசல் பையுமாக, உலகெங்கும் நோயாளிகள் வீட்டிலேயே செய்துகொள்ளும் சிகிச்சை அது.

குவின்டனின் குழாய்க்கும் மாற்று வந்தது. அது நழுவும், அடைக்கும், கிருமி தொற்றும். நியூயார்க்கில் ஜேம்ஸ் சிமினோ உள்ளிட்ட மருத்துவர்கள், மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் நேரடியாகத் தைத்து இணைக்கும் முறையை 1966இல் வெளியிட்டார்கள். தமனியின் அழுத்தம் பாய்ந்து சிரை தடித்துவிடும். அதில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஊசி குத்தலாம். வெளியே தொங்கும் குழாய் தேவைப்படவில்லை. அதைத்தான் 'ஃபிஸ்துலா' என்கிறோம். பொறியாளரின் குழாய் ஒதுங்கி நின்றது. ஆனால் நிரந்தரச் சிறுநீரக நோயாளியும் ஆண்டுக்கணக்கில் வாழ முடியும் என்று காட்டியது அந்தக் குழாய்தான்.

நம் ஊரில்

இந்தியாவின் டயாலிசிஸ் வரலாறும் தமிழ் மண்ணைத் தொட்டே தொடங்குகிறது. 1960களின் தொடக்கத்திலேயே வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்யப்பட்டது. இன்று பல ஊர்களின் மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு இருக்கிறது.

காலை முதல் ஷிஃப்ட்டுக்கு வரும் நோயாளி எடை பார்க்கும் எந்திரத்தில் ஏறி நிற்கிறார். போன முறையைவிட எத்தனை கிலோ தண்ணீர் ஏறியிருக்கிறது என்பதைப் பார்த்து, எவ்வளவு இறக்க வேண்டும் என்று மருத்துவர் குறிக்கிறார். சுவருக்கு அப்பால் ஆர்.ஓ. அறையில் டெக்னீஷியன் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருக்கிறார். ஒரு நோயாளிக்கு 4 மணி நேரத்தில் சுமார் 120 லிட்டர் கரைசல் ஓடும். அந்தத் தண்ணீரில் பிழை இருந்தால் அது நேரே ரத்தத்தில் போய்ச் சேரும்.

படுக்கையில் படுத்தவர் ஃபிஸ்துலா போட்ட கையை நீட்டுகிறார். அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது என்று வருபவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகியவர். செவிலியர் இரண்டு விரலை வைத்துத் தொட்டுப் பார்க்கிறார். பூனை உறுமுவதுபோல உள்ளே அதிர்வு இருக்கிறது. இரண்டு ஊசிகள் இறங்குகின்றன. சிவப்பு முனைக் குழாயில் ரத்தம் ஏறி, பம்ப் மெல்லச் சுழலத் தொடங்குகிறது.