முதலில் வட்டியைக் குறையுங்கள்

கடன் நெருக்கும் வீட்டில் முதல் வெட்டு அடுப்படியில்தான் விழுகிறது. தினம் அரை லிட்டர் பாலை நிறுத்துகிறார்கள், பிள்ளைகளின் முட்டையை நிறுத்துகிறார்கள். இதில் மாதம் 600, 700 ரூபாய் மிஞ்சலாம். அதே வீட்டில் 50,000 ரூபாய் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால், மாதம் 1,500 ரூபாய் சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டிருக்கும். டீயைக் குடித்துக்கொண்டே இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்.

மூன்று ரூபாய் வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், அதாவது ஆண்டுக்கு 36 சதவீதம். மூன்று வருடம் தவறாமல் வட்டி கட்டியிருந்தால் 54,000 ரூபாய் கொடுத்திருப்பீர்கள். அசல் 50,000 அப்படியே நிற்கும்.

தண்டல் இதைவிட மோசம். 10,000 ரூபாய் கடன் என்பார்கள். பிடித்தம் போகக் கையில் வருவது 8,500. தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். '1,500 ரூபாய்தானே' என்று தோன்றும். ஆனால் கட்டக் கட்டக் கடன் குறைகிறது. அந்த நூறு நாளில் சராசரியாக உங்களிடம் இருந்த பணம் நாலாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு 1,500 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக் கணக்கில் நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். தவணைக் கடனில் 'பிளாட் வட்டி 12 சதவீதம்' என்பதும் இதே வழிதான். ஒரு லட்சத்தை இரண்டு வருடத்தில் மாதம் 5,167 வீதம் கட்டினால் உண்மை வட்டி 21½ சதவீதம்.

ஆகவே ஒரு நோட்டில் எல்லாக் கடனையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆண்டு வட்டியைப் போடுங்கள். அதிக வட்டிக் கடன் மேலே வரட்டும். பெரிய தொகை எது என்று பார்த்து மிரள வேண்டாம். முதலில் அடைக்க வேண்டியது அதிக வட்டிக் கடனைத்தான்.

வீட்டில் நகை இருந்தால் கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ அடகு வைத்து அந்தக் கடனை அடைக்கலாம். வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். 50,000 ரூபாய்க்கு மாத வட்டி 417 ரூபாய்தான். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். வட்டி குறைந்ததும் மீதி ஆயிரம் ரூபாயைச் செலவில் கலந்துவிடுகிறார்கள். அதைச் செய்யாமல் பழையபடியே மாதம் 1,500 ரூபாயை நகைக் கடனில் கட்டிக்கொண்டே வாருங்கள். சுமார் 40 மாதத்தில் அசலும் தீரும், நகையும் வீட்டுக்கு வரும். நேற்றுவரை வட்டிக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்த அதே பணம்தான் இது! ஆண்டு முடிந்ததும் திருப்பி வைக்கும் தேதியை மட்டும் மறக்காதீர்கள், விட்டால் ஏலம். அந்த நகை மனைவியுடையது என்றால் அவரைக் கேட்டு, அவர் பெயரிலேயே வைத்து, ரசீதை அவர் கையில் கொடுப்பதுதான் நியாயம். நகை இல்லாதவர்கள் மகளிர் குழு மூலம் கிடைக்கும் வங்கிக் கடனை விசாரிக்கலாம்.

இனி செலவு. தமிழ்நாட்டில் கரண்ட் பில்லில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் முந்தைய யூனிட்டுகள் சிலவற்றின் சலுகை விலையும் கைவிட்டுப் போகும். முதல் மாதம் முடிந்ததும் மீட்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கடைக்குப் போகச் சோம்பி விடக்கூடிய விலையா இது? ஆனால் பல வீடுகளைக் கடனில் தள்ளுவது அன்றாடச் சாப்பாடு அல்ல. ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், தீபாவளி, காதுகுத்து, மொய் இவைதான். எல்லாமே முன்கூட்டியே தெரிந்த செலவுகள். ஆண்டு மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்து, மாதாமாதம் தனிக் கணக்கில் போடுங்கள். தபால் அலுவலகத் தொடர் வைப்பில் 100 ரூபாயில்கூடத் தொடங்கலாம், ஆனால் அது ஐந்து வருடத் திட்டம். தீபாவளிக்கு வங்கிக் கணக்கே போதும்.

குழுக் கடன் தரும் மைக்ரோ பைனான்ஸ் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் வகுத்த விதி ஒன்று உண்டு: ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்கு வந்து நிற்கவும் கூடாது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை. யாராவது வாசலில் நின்று மிரட்டினால், அவமானம் என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அழாதீர்கள். காவல் நிலையத்துக்குப் போங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுங்கள்.