வீடா, தொடர்மாடியா? வாங்குவதற்கு முன் பங்கிட்டுப் பாருங்கள்

கொழும்பிலும் அதனைச் சூழவுள்ள பகுதிகளிலும் வீடு வாங்க நினைக்கும் எமது குடும்பங்கள் இன்று இரண்டு தெரிவுகளுக்கு நடுவே நிற்கின்றன. ஒன்று, தெஹிவளை, வெள்ளவத்தைப் பக்கம் ஒரு தொடர்மாடி வீடு. மற்றையது, நகரத்தை விட்டுச் சற்றுத் தள்ளி, சில பேர்ச் காணியுடன் ஒரு தனி வீடு. விலை, பாடசாலை, பள்ளிவாசல், பஸ் வசதி என்பவற்றைப் பார்த்து முடிவெடுக்கிறோம். ஆனால் முப்பது வருடங்களின் பின் இந்தச் சொத்து பிள்ளைகளின் கைக்கு எப்படிப் போகும் என்பதை வாங்கும்போது கேட்பவர்கள் குறைவு. உடன்பிறப்புகள் பேச்சுவார்த்தை இன்றிப் போவது அநேகமாக அந்த இடத்தில்தான்.

எது உங்களுக்குச் சொந்தம்?

தனி வீட்டின் உறுதியில் நிலமும் அதன் மேலுள்ள கட்டடமும் உங்களுடையவை. தொடர்மாடிக்கு 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும். அதன்படி உங்கள் வீட்டுப் பகுதி உங்களுக்குத் தனியாகவும், நிலம், படிக்கட்டு, லிப்ட், மொட்டைமாடி போன்றவை ஏனைய உரிமையாளர்களுடன் பிரிக்கப்படாத பங்காகவும் சொந்தமாகும்.

இங்கே ஒரு முக்கிய விடயம் உண்டு. தொடர்மாடியின் வரைபடம் காணிப் பதிவகத்தில் பதியப்பட்ட பின்னரே ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதி எழுத முடியும். அதுவரை உங்கள் கையில் இருப்பது ஒப்பந்தம் மட்டுமே. ஆகவே முற்பணம் கொடுக்கும் முன், வரைபடம் பதியப்பட்டதா, இணக்கச் சான்றிதழ் பெறப்பட்டதா, காணி வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டுள்ளதா என்பவற்றை உங்களுடைய நொத்தாரிசு மூலம் தேடிப் பாருங்கள். விற்பவர் காட்டும் நொத்தாரிசு போதாது.

மாதாந்தச் செலவு

தொடர்மாடியில் லிப்ட், தண்ணீர்ப் பம்பி, ஜெனரேட்டர், காவலாளி அனைத்துக்கும் மாதாந்தம் பராமரிப்புக் கட்டணம் உண்டு. உதாரணமாக, சதுர அடிக்கு 20 ரூபா என்றால் 900 சதுர அடி வீட்டுக்கு மாதம் 18,000 ரூபா. சம்பளம் வரும் காலத்தில் இது சிறு தொகை, ஓய்வூதியத்தில் அப்படியல்ல. லிப்ட் பழுதானால் நான்காம் மாடியில் இருக்கும் வயதான உம்மாவின் நிலையையும், ஜனாஸாவின் போது சந்தூக் இறங்க வழியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனி வீட்டில் அந்தக் கட்டணம் இல்லை. ஆனால் கூரை, மதில், வடிகான் எல்லாம் உங்கள் பொறுப்பு. 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பகுதிகள் பட்ட பாடு நினைவிருக்கும். தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது என்று அயலவர்களிடம் கேட்காமல் தாழ்நிலத்தில் வீடு வாங்க வேண்டாம்.

பாடசாலைக்காக வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. தரம் ஒன்று அனுமதியில் தூரத்துடன், உறுதியும், வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்த வருடங்களும் பார்க்கப்படுகின்றன. பிள்ளைக்கு நான்கு வயதான பின் அவசரமாக வாங்கும் வீடு இதற்குப் பெரிதாக உதவாது.

பங்கிடும்போது

வாப்பா இறக்கும்போது உம்மாவும் இரண்டு ஆண் பிள்ளைகளும் ஒரு பெண் பிள்ளையும் இருக்கின்றனர் என வைத்துக்கொள்வோம். வாப்பாவின் பெற்றோர் உயிருடன் இல்லை. வீட்டை 40 பங்காக்கினால் உம்மாவுக்கு 5, ஆண் பிள்ளைகளுக்குத் தலா 14, பெண் பிள்ளைக்கு 7. தொடர்மாடி வீட்டை இப்படி வெட்ட முடியாது. விற்றுப் பணமாகப் பிரிக்க வேண்டும், அல்லது ஒருவர் மற்றவர்களின் பங்கை வாங்க வேண்டும். இரண்டும் நடக்கும் வரை உம்மா எங்கே இருப்பார்?

காணி என்றால் பிரிக்கலாம் என்று பலர் நினைக்கின்றனர். உள்ளூராட்சி மன்றம் குறித்த அளவுக்குக் குறைந்த துண்டுகளுக்கு அனுமதி தராது. 10 பேர்ச் காணியை நான்காக்குவது நடைமுறையில் சாத்தியமில்லை. "மேல்மாடி மகளுக்கு" என்று வாயால் சொல்லிக் கட்டிக்கொடுப்பதும் எம்மிடையே வழக்கம். ஆனால் மேல்மாடிக்குத் தனி உறுதி வேண்டுமென்றால் அந்த வீட்டையும் தொடர்மாடியாகவே பதிய வேண்டும். பதியாவிட்டால், மகளின் நகையை விற்றுக் கட்டிய மாடியும் சட்டப்படி வாப்பாவின் சொத்தில் சேர்ந்து எல்லோருக்கும் பங்காகும். பிறகு மிஞ்சுவது வருடக்கணக்கில் இழுபடும் பாகப்பிரிவினை வழக்குத்தான்.

இதன் கருத்து தொடர்மாடி கூடாது என்பதல்ல. ஒரு பிள்ளை உள்ள குடும்பத்துக்கும், வேறு சொத்து உள்ளவர்களுக்கும் அது பொருத்தமானது. பல பிள்ளைகளும் ஒரே சொத்தும் உள்ளவர்களுக்கு, மேலே கட்ட இடமுள்ள காணி கூடுதல் வழிகளைத் தரும். எதை வாங்கினாலும், கையொப்பமிடும் முன் பிள்ளைகளை அமர்த்தி, யாருக்கு எது என்று பேசி, உயிருடன் இருக்கும்போதே எழுத்தில் வைத்துவிடுங்கள். வீட்டின் விலையோடு பார்க்கும்போது அதற்கான நொத்தாரிசுச் செலவு மிகச் சிறியது.