15 வராத கணக்கு

விபத்தில் அடிபட்டவர் அரசு மருத்துவமனைக்கு வந்ததும் விபத்துப் பதிவேட்டில் ஒரு பதிவு போடுவார்கள். அதன் நகல்தான் ஏ.ஆர். காப்பி. வழக்குக்கும் இழப்பீட்டுக்கும் அது வேண்டும். காயம் சாதாரணமா, கொடுங்காயமா என்பதுதான் அங்கே முக்கியமான கேள்வி. சட்டத்தின் பார்வையில் பல் உடைந்தாலும் கொடுங்காயம், மண்டையோடு உடைந்தாலும் கொடுங்காயம். இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகும் அது மாறவில்லை. குற்றத்தின் அளவைத் தீர்மானிக்க இந்தப் பிரிவினை போதும். ஆனால் பிழைத்திருக்க வேண்டியவர்கள் பிழைத்தார்களா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது. அதற்கென்றே வைக்கப்படுவதுதான் ட்ராமா ரெஜிஸ்ட்ரி எனப்படும் காயப் பதிவேடு. காயத்தின் கடுமையை எண்ணாக மாற்றும் கணக்குதான் அதன் உயிர்.

எண் எதற்கு? ஒரு மருத்துவமனையில் நூறு பேருக்கு இரண்டு பேர் இறக்கிறார்கள், இன்னொன்றில் பத்துப் பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது மோசமானது என்று உடனே சொல்லிவிட முடியாது. சுற்று வட்டாரமெல்லாம் கைவிட்ட நோயாளிகள் அங்கே வந்து சேர்ந்திருக்கலாம். வந்தவர்களின் காயம் எவ்வளவு கடுமை என்று தெரியாமல் இறப்பு எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவது அநீதி.

இதற்கு அடித்தளம் போட்டது மருத்துவர்களும் கார் பொறியாளர்களும் சேர்ந்துதான். சாலை விபத்துகளை ஆராய்ந்தவர்களுக்காக அமெரிக்காவில் 1971இல் வெளியான ஏ.ஐ.எஸ். அளவுகோல் ஒவ்வொரு காயத்துக்கும் ஓர் எண் தருகிறது. 1 என்றால் சிறு காயம். 5 என்றால் உயிர் ஊசலாடும் நிலை. சிகிச்சைக்கே இடமில்லாத காயத்துக்கு இன்று 6 தருகிறார்கள். உடைந்த பல்லுக்கு 1, முறிந்த தொடை எலும்புக்கு 3. ஆனால் விபத்தில் சிக்கியவருக்கு ஒரே காயத்தோடு முடிவதில்லையே. பல காயங்களை எப்படிக் கூட்டுவது?

விடை 1974இல் பால்டிமோரிலிருந்து வந்தது. சூசன் பேக்கர் மருத்துவர் அல்லர். காயங்களையும் மரணங்களையும் புள்ளிவிவரமாக ஆராய்ந்தவர். அந்நகரின் எட்டு மருத்துவமனைகளோடு தொடர்புடைய 2128 வாகன விபத்துப் பதிவுகளை அவரும் அவருடைய குழுவினரும் அலசினார்கள். காயத்தின் எண் ஒவ்வொரு படி ஏறும்போதும் சாவு அதே அளவில் ஏறவில்லை, தாவித் தாவி ஏறியது. அதனால் எண்ணை வர்க்கமாக்கினார்கள். உடலை ஆறு பகுதிகளாகப் பிரித்து, மிக மோசமாக அடிபட்ட மூன்று பகுதிகளின் வர்க்கங்களைக் கூட்டினார்கள். இதுதான் ஐ.எஸ்.எஸ்.

ஹெல்மெட் இல்லாமல் விழுந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூளையுறைக்குக் கீழே ரத்தக்கசிவு, 4. தொடை எலும்பு முறிவு, 3. மண்ணீரலில் சிறு கிழிசல், 2. உடைந்த பல், 1. முதல் மூன்றின் வர்க்கங்கள் 16, 9, 4. கூட்டினால் 29. பல் கணக்கில் வராது. மிக அதிகமாக வரக்கூடியது 75. ஏதேனும் ஒரு காயம் 6 என்றால் கேள்வியே இல்லாமல் 75.

15க்கு மேல் போனால் பெருங்காயம் என்பது வழக்கம். இதில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் அழகு உண்டு. எந்த மூன்று வர்க்க எண்களைக் கூட்டினாலும் 15 வராது. 7, 23 ஆகியவையும் வராது. ஆகவே பதிவேட்டில் ஒருவருக்கு 15 என்று எழுதியிருந்தால் அவரைப் பார்க்காமலே சொல்லிவிடலாம், கணக்கு தவறு. தரவைச் சரிபார்ப்பவர்கள் முதலில் தேடவேண்டிய பிழைகளில் இது ஒன்று.

குறைகளும் உண்டு. இரண்டு தொடைகளும் முறிந்தாலும் அது ஒரே உடல் பகுதி என்பதால் 9தான். பேக்கரும் சேர்ந்து 1997இல் வெளியிட்ட புதிய முறை பகுதியைப் பார்க்காமல் மோசமான மூன்று காயங்களை எடுத்துக்கொள்கிறது. அங்கே அதே ஆளுக்கு 18. இன்னொரு குறை தீரவில்லை. ஒரே ஒரு 5ஆம் நிலைக் காயத்துக்கும் 25, ஒரு 4ம் ஒரு 3ம் சேர்ந்தாலும் 25. இந்த இருவருக்கும் சாகும் வாய்ப்பு ஒன்றல்ல.

காயம் மட்டும் போதாது என்று 1980களில் ட்ரிஸ் என்ற கணக்கு வந்தது. ஐ.எஸ்.எஸ்., வயது, வரும்போது இருந்த ரத்த அழுத்தம், மூச்சு வீதம், நினைவுநிலை எல்லாம் சேர்த்து இன்னார் பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லும். பிழைக்க வேண்டியவர் இறந்திருந்தால் அந்த கேஸ் ஷீட்டை எடுத்துவைத்து எங்கே தவறியது என்று பேசலாம். பதிவேட்டின் முழுப் பயனும் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

இங்கேதான் ஆபத்தும். அரை மணி நேரத்தில் இறந்துபோகிறவருக்கு சி.டி. ஸ்கேன் எடுக்க நேரமிருக்காது. வயிற்றுக்குள் என்ன கிழிந்தது என்று யாருக்கும் தெரியாது. கேஸ் ஷீட்டில் சிராய்ப்பு மட்டும் இருக்கும். ஐ.எஸ்.எஸ். 1! சிறு காயத்தில் செத்தவராக அவர் பதிவாவார். மருத்துவமனைக்கு வீண் பழி. மறுபுறம், மூச்சை எண்ணி எழுதாமல் விட்டால் ட்ரிஸ் போட முடியாது. அந்தப் பதிவே ஒப்பீட்டிலிருந்து விழுந்துவிடும். தொண்டையில் குழாய் போட்டவரால் பேச முடியாது, அதனால் அவருடைய நினைவுநிலை மதிப்பெண்ணும் முழுமையாகாது. இப்படி விழுகிறவர்களில் பலர் மிக மோசமான நிலையில் வந்தவர்கள். அவர்கள் போய்விட்டால் மருத்துவமனை உண்மையைவிட நல்லதாகத் தெரியும்.

இறந்தவர்களின் காயத்தை முழுதாகச் சொல்வது பிரேதப் பரிசோதனைதான். 1979இல் கலிபோர்னியாவின் இரு மாவட்டங்களை ஒப்பிட்டவர்கள் அந்த அறிக்கைகளைத்தான் நம்பினார்கள். அடிபட்டவர்களை ஒரே ட்ராமா மையத்துக்குக் கொண்டுபோன சான் பிரான்சிஸ்கோவில் தவிர்த்திருக்கக்கூடிய சாவு ஒன்றுதான். எந்த மருத்துவமனை அருகில் இருக்கிறதோ அங்கே கொண்டுபோன ஆரஞ்சு மாவட்டத்தில், மூளைக்காயம் அல்லாத சாவுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அப்படிப்பட்டவை.

தமிழ்நாட்டிலும் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தின் அங்கமாகப் பதிவேடு வந்திருக்கிறது. நம் நாட்டில் பிரேதப் பரிசோதனை அறிக்கை விசாரணை அதிகாரிக்குப் போகிறது. அதன் ஒரு பிரதி பதிவேட்டுக்கும் தவறாமல் வந்துசேர ஏற்பாடு வேண்டும். அவசரப் பிரிவில் நிற்கும் செவிலியர்களே, பயிற்சி மருத்துவர்களே, குழாய் போடுவதற்கு முன்பே மூச்சு வீதத்தையும் நினைவுநிலையையும் எழுதிவிடுங்கள். அந்த நொடிக்குப் பிறகு அதை யாராலும் மீட்டெடுக்க முடியாது.